எது சிறந்த விளையாட்டு?

ஆடுகளத்தில் ஆட்டம் முடிந்துவிடும். ஆட்டத்தைப் பற்றிய வாதம் எளிதில் முடிவதில்லை. எந்த அணி வலியது, எந்த வீரர் சிறந்தவர் என்று பேசிப் பொழுது போக்குவோர் எந்நாட்டிலும் உண்டு. தொலைக்காட்சித் திரையிலும் கணிப்பொறித் திரையிலும் ஆடப்பெறும் வீடியோ விளையாட்டுகளும் இதற்கு விலக்கல்ல. இவ்விளையாட்டுகளில் ஈடுபாடு மிக்க அன்பர்கள், தம் இளமையில் ஆடி மகிழ்ந்த பழைய விளையாட்டுகளை ஒன்றோடொன்று எதிர்நிறுத்தி, வாக்களித்து, வெற்றி தோல்விகளைத் தீர்மானிக்கின்றனர். வாக்குகளை எண்ணி வென்றதன் பெயரை அறிவித்தல் எளிது. அவ்வெற்றி எதனைக் காட்டுகிறது, எதனைக் காட்டவில்லை என்று அறிதலே அரிது. அதனை அறியாதவர், கூட்டத்தின் ஆரவாரத்தையே உண்மையின் குரலாகக் கொண்டு மயங்குவர்.

வீடியோ விளையாட்டின் வரலாறு நெடியதன்று. ஆயினும் சுவை மிக்கது. 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில், வில்லியம் ஹிகின்போதம் என்னும் இயற்பியல் அறிஞர், அக்கூடத்தைக் காண வரும் பொதுமக்கள் சலிப்படையாதிருக்கும் பொருட்டு, மின்னலைகளைக் காட்டும் கருவியின் சிறிய வட்டத் திரையில் டென்னிஸ் ஆட்டம் ஒன்றை அமைத்துக் காட்டினார். 1972ஆம் ஆண்டில் அட்டாரி நிறுவனத்தைச் சேர்ந்த ஆலன் ஆல்கார்ன் 'பாங்' என்னும் விளையாட்டை உருவாக்கினார். திரையின் இரு புறமும் இரண்டு கோடுகள்; இடையில் ஓடித் திரியும் ஒரு வெண்புள்ளி; அவ்வளவே. காசு இட்டு ஆடும் அவ்வியந்திரம், கலிபோர்னியா மாநிலத்தின் சன்னிவேல் நகரில் விடுதி ஒன்றில் வெள்ளோட்டமாக வைக்கப்பெற்றது. சில நாள்களில் அது நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. ஆல்கார்ன் சென்று திறந்து பார்த்தார். இயந்திரத்தில் பழுது இல்லை. மக்கள் இட்ட காசுகள் பெட்டியில் நிரம்பி வழிந்தமையே அதன் செயலை நிறுத்தியிருந்தது. வீடியோ விளையாட்டுக்கு மக்கள் அளித்த பழைய வாக்குகளுள் அக்காசுகளும் அடங்கும் எனலாம்.

அதன்பின் பல விளையாட்டுகள் தோன்றின. 1980ஆம் ஆண்டில் ஜப்பானியரான தோரு இவாதானி, வாயைத் திறந்து மூடிப் புள்ளிகளை விழுங்கிச் செல்லும் மஞ்சள் வட்டத்தைத் தலைவனாகக் கொண்ட 'பேக்மேன்' விளையாட்டைப் படைத்தார். 1984ஆம் ஆண்டில் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னொவ் 'டெட்ரிஸ்' விளையாட்டை அமைத்தார். நான்கு சதுரங்களால் ஆன ஏழு வகைத் துண்டுகள் மேலிருந்து விழ, அவற்றை இடைவெளியின்றி அடுக்குதலே அதன் முறை. 1985ஆம் ஆண்டில் நின்டெண்டோ நிறுவனத்தின் ஷிகெரு மியாமோட்டோ, ஓடியும் தாவியும் இடர்களைக் கடக்கும் மாரியோவின் கதையை 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்னும் விளையாட்டாக்கினார். அந்நாளில் இவற்றை ஆடிய சிறுவர் சிறுமியர் வளர்ந்து பெரியோராயினர். விளையாட்டுகளோ அவர்கள் நெஞ்சில் இளமை மாறாது நின்றன. அந்த அன்பே வாக்குப் போட்டிகளுக்கு வித்தாயிற்று.

இப்போட்டிகள் பெரும்பாலும் தோற்றவரை நீக்கும் முறையில் அமைகின்றன. அறுபத்து நான்கு விளையாட்டுகள் போட்டியில் இறங்குவதாகக் கொள்வோர், முதற்சுற்றில் அவற்றை இரண்டு இரண்டாக எதிர்நிறுத்துவர். குறைந்த வாக்குப் பெற்றது நீங்கும். மிகுந்த வாக்குப் பெற்றது அடுத்த சுற்றுக்குச் செல்லும். அறுபத்து நான்கு முப்பத்திரண்டாகும், முப்பத்திரண்டு பதினாறாகும். இவ்வாறு ஆறு சுற்றுகளில் ஒன்றே எஞ்சும். ஒவ்வொரு மோதலிலும் ஒன்று நீங்குவதால், அறுபத்து மூன்று மோதல்களில் போட்டி முடிந்துவிடும். முறை எளியது, விறுவிறுப்பும் மிக்கது. ஆதலின் மக்கள் இதனைப் பெரிதும் விரும்புகின்றனர்.

எளிய முறை எப்போதும் நேரிய முறை ஆகிவிடாது. எல்லாவற்றினும் சிறந்த விளையாட்டும் அதற்கு அடுத்த நிலையில் உள்ளதும் முதற்சுற்றிலேயே சந்திக்க நேர்ந்தால் என்னாகும்? இரண்டாம் இடத்திற்கு உரியது முதல் நாளிலேயே வீடு திரும்பும். அதனினும் தாழ்ந்த ஒன்று இறுதிச் சுற்று வரை சென்று இரண்டாம் பரிசைப் பெறும். சீட்டுக் குலுக்கி இணைகளை அமைத்தால், இரண்டாம் நிலையில் உள்ள விளையாட்டு, முதல் நிலையில் உள்ளதன் பாதியிலேயே அமைந்து, இறுதிச் சுற்றை எட்டாமல் போவதற்குரிய வாய்ப்பு 63இல் 31 ஆகும், ஏறத்தாழப் பாதி. இக்குறை நெடுங்காலத்திற்கு முன்பே சுட்டிக்காட்டப்பெற்றது. குழந்தைகளுக்காக 'ஆலிஸின் அற்புத உலகம்' எழுதிய லூயிஸ் கரோல் கணித ஆசிரியராகவும் விளங்கினார். அவர் 1883ஆம் ஆண்டில் டென்னிஸ் போட்டிகளில் பரிசளிக்கும் முறையை ஆராய்ந்து, இக்குறையைக் கணக்கிட்டு விளக்கினார். புகழ் மிக்கவை தொடக்கத்திலேயே மோதாதவாறு அவற்றை வேறு வேறு பகுதிகளில் வைப்பது இதற்கு ஒரு மாற்று. ஆயினும் எவை புகழ் மிக்கவை என்று முன்கூட்டியே முடிவு செய்யும் பொறுப்பு, போட்டியை நடத்துவோர் கைக்குப் போய்விடுகிறது.

இதனினும் வியப்பான ஓர் உண்மையைப் பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சே 1785ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மூன்று நண்பர்கள் மூன்று விளையாட்டுகளை வரிசைப்படுத்துகின்றனர். முதல்வனுக்குப் பாங், பேக்மேன், டெட்ரிஸ் என்பது வரிசை. இரண்டாமவனுக்குப் பேக்மேன், டெட்ரிஸ், பாங். மூன்றாமவனுக்கு டெட்ரிஸ், பாங், பேக்மேன். பாங்கையும் பேக்மேனையும் எதிர்நிறுத்தினால், முதல்வனும் மூன்றாமவனும் பாங்குக்கு வாக்களிப்பர், பாங் வெல்லும். பேக்மேனையும் டெட்ரிஸையும் எதிர்நிறுத்தினால் பேக்மேன் வெல்லும். இவ்விரண்டையும் கண்டவர், பாங் டெட்ரிஸையும் வென்றுவிடும் என்றே எண்ணுவர். ஆனால் இரண்டாமவனும் மூன்றாமவனும் டெட்ரிஸையே விரும்புவதால் டெட்ரிஸ் பாங்கை வீழ்த்திவிடும்! ஒவ்வொருவர் எண்ணமும் ஒழுங்காக இருந்தும், மூவர் எண்ணமும் சேர்ந்தபோது வட்டமாகச் சுழலுகிறது.

இந்நிலையில் தோற்றவரை நீக்கும் போட்டி நடத்தினால், வெற்றி எதற்கு? பாங்கும் பேக்மேனும் முதலில் மோதினால் பாங் வெல்லும். பின்னர் வரும் டெட்ரிஸ் அதனை வீழ்த்தி வாகை சூடும். பேக்மேனும் டெட்ரிஸும் முதலில் மோதினால் பாங்குக்கே வாகை. டெட்ரிஸும் பாங்கும் முதலில் மோதினால் பேக்மேனுக்கே வாகை. வாக்காளர் மூவரும் தம் மனத்தைச் சிறிதும் மாற்றவில்லை. மோதலின் வரிசை மாறியது, வெற்றியும் மாறியது. ஆகவே, 'மக்கள் தீர்ப்பு' என்று பறைசாற்றப்படுவதில் மக்களின் கருத்தோடு போட்டியின் அமைப்பும் கலந்திருக்கக்கூடும் என்பது தெளிவு.

இரண்டு இரண்டாக அன்றிப் பலவற்றை ஒருங்கே நிறுத்தினால் வேறொரு சிக்கல் தோன்றும். நூறு பேரில் அறுபதின்மர் தாவி ஓடும் விளையாட்டுகளையும், நாற்பதின்மர் துண்டுகளை அடுக்கும் விளையாட்டையும் விரும்புவதாக வைத்துக்கொள்ளலாம். தாவி ஓடும் விளையாட்டுகள் இரண்டும் அடுக்கும் விளையாட்டு ஒன்றும் வாக்குக்கு நின்றால், அறுபது வாக்குகள் முப்பது முப்பதாகப் பிரியும். நாற்பது வாக்குப் பெற்ற அடுக்கும் விளையாட்டே முதலிடம் பெறும். பெரும்பான்மையோர் விரும்பாத ஒன்று, பெரும்பான்மையோர் பிரிந்து நின்றதால் வென்றுவிடுகிறது.

2007ஆம் ஆண்டில் 'கேம்ஃபேக்ஸ்' என்னும் இணையத்தளம் நடத்திய போட்டியில், விளையாட்டுகளில் வரும் பாத்திரங்கள் நான்கு நான்காக நிறுத்தப்பெற்று வாக்கெடுப்பு நடந்தது. வாள் ஏந்திய வீரர்களும் உலகைக் காக்கும் தலைவர்களும் களத்தில் நின்றனர். வென்றது யார்? டெட்ரிஸ் விளையாட்டில் மேலிருந்து விழும் 'எல்' வடிவத் துண்டு! முகமும் இல்லை, பெயரும் இல்லை, பேச்சும் இல்லை. நான்கு சதுரங்கள் மட்டுமே. வீரர்களை விரும்பியோர் வாக்குகள் பல தலைவர்க்குப் பிரியக்கூடியவை. துண்டுக்கோ அதனை ஒத்த மற்றொன்று களத்தில் இல்லை. வேடிக்கைக்காக வாக்களித்தவரும் அதன் பக்கமே சேர்ந்தனர். இம்முடிவைக் கண்டு சிரித்தவர் பலர், சினந்தவரும் உளர். ஆயினும், வாக்களிப்போர் எப்போதும் தகுதியை எடைபோட்டே வாக்களிப்பர் என்று எண்ணக்கூடாது என்னும் பாடத்தை அச்சிறு துண்டு அனைவர்க்கும் புகட்டியது.

வாக்களிப்போர் யாவர் என்பதும் முடிவை மாற்றும். அதே தளம் 2015ஆம் ஆண்டில் 'எக்காலத்திற்கும் சிறந்த விளையாட்டு எது' என்று போட்டி வைத்தது. அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில்தான் வெளிவந்த 'அண்டர்டேல்' என்னும் சிறிய விளையாட்டு, பல்லாண்டுப் புகழ் பெற்ற விளையாட்டுகளை எல்லாம் வென்றது. சில திங்களே வயதுடைய ஒன்று 'எக்காலத்திற்கும்' சிறந்ததாகுமா என்று முதியோர் வினவினர். அன்பு புதிதாக இருக்கும்போது அன்பர்கள் திரண்டு வருவர். பழைய அன்போ பெரும்பாலும் வீட்டிலேயே அமர்ந்திருக்கும். திரண்டு வந்தோர் எண்ணிக்கையையே வாக்குப்பெட்டி அறியும். வராதவர் நெஞ்சத்தை அது அறியாது.

நாட்டுக்கு நாடும் தீர்ப்பு வேறுபடும். ஜப்பானில் 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் நடத்திய பெரு வாக்கெடுப்பில் ஐம்பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் பங்குகொண்டனர். 2017ஆம் ஆண்டில் வெளிவந்த 'செல்டா' வரிசை விளையாட்டு ஒன்று முதலிடம் பெற்றது. இரண்டாம் இடம் பெற்றது 1992ஆம் ஆண்டின் 'டிராகன் குவெஸ்ட்' ஐந்தாம் பகுதி. அவ்விளையாட்டு ஆங்கிலத்தில் முறையாக வெளிவந்ததோ 2009ஆம் ஆண்டில்தான். பதினேழு ஆண்டுகள் ஒரு மொழிக்குள் தங்கியிருந்த விளையாட்டுக்கு, பிற மொழியினர் எவ்வாறு வாக்களித்திருக்க இயலும்? தாம் அறியாத ஒன்றை மக்கள் விரும்புவதும் இல்லை; வெறுப்பதும் இல்லை.

கேட்கும் கேள்வியும் விடையை வேறாக்கும். 2025ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகம் பொதுமக்களிடம் ஒரு கேள்வி கேட்டது. 'சிறந்தது எது' என்று அது கேட்கவில்லை. பிற விளையாட்டுகளின் மீது மிகுந்த செல்வாக்குச் செலுத்தியது எது என்றே கேட்டது. 1999ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஷென்மூ' முதலிடமும், 'டூம்' இரண்டாம் இடமும், 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' மூன்றாம் இடமும் பெற்றன. விருப்பமானது வேறு, சிறந்தது வேறு, செல்வாக்குடையது வேறு. மூன்று கேள்விகளையும் ஒன்றாகக் குழப்புவோர்க்கு மூன்றுக்கும் விடை கிட்டாது.

அப்படியாயின், மக்கள் வாக்கு பயனற்றதா? அன்று. முறையாக அமைத்தால் அது பெரும்பயன் தரும் என்பதற்கு வாஷிங்டன் நகரில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் சான்று. வீடியோ விளையாட்டும் ஒரு கலையே என்று காட்டும் பொருட்டு அவ்வருங்காட்சியகம் 2012ஆம் ஆண்டில் ஒரு கண்காட்சி நடத்தியது. எந்த விளையாட்டுகளைக் காட்சிக்கு வைப்பது என்பதற்கு, அதற்கு முந்திய ஆண்டில் மக்களிடம் வாக்குக் கேட்டது. அறிந்தோர் தேர்ந்த 240 விளையாட்டுகள் வாக்குக்கு வந்தன. எல்லாவற்றையும் ஒரே களத்தில் மோதவிடாமல், காலத்தாலும் கருவியாலும் வகையாலும் அவற்றைப் பிரித்து நிறுத்தினர். 175 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 1,19,000 பேர் 37 இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்குகளை அளித்தனர். எண்பது விளையாட்டுகள் தேர்வு பெற்றன. ஒத்தவற்றோடு ஒத்தவை நின்றமையால், நேற்றைய எளிய புள்ளியும் இன்றைய வண்ணக் காட்சியும் ஒன்றையொன்று நசுக்காமல், அவ்வவற்றுக்கு உரிய இடத்தைப் பெற்றன.

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் விளையாட்டுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 'ஸ்ட்ராங்' என்பது அதன் பெயர். அங்கே 2015ஆம் ஆண்டில் உலக வீடியோ விளையாட்டுப் புகழ்க்கூடம் நிறுவப்பெற்றது. பாங், பேக்மேன், டெட்ரிஸ், சூப்பர் மாரியோ பிரதர்ஸ், டூம், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆகிய ஆறும் முதன்முதலில் இடம் பெற்றவை. யாவரும் அறிந்த புகழ், நீடித்து நிற்றல், பல நாடுகளில் பரவுதல், பிறவற்றுக்கு வழிகாட்டுதல் ஆகியவை அங்கே அளவுகோல்கள். ஆராய்ச்சியாளரும் இதழாளரும் அடங்கிய குழுவினர் ஒவ்வொருவரும் தத்தம் சீட்டில் மும்மூன்று விளையாட்டுகளைக் குறிப்பர். பொதுமக்களும் வாக்களிப்பர், அவர்களிடம் மிகுதியான வாக்குப் பெற்ற மூன்றும் மற்றுமொரு சீட்டாக அச்சீட்டுகளோடு சேர்த்து எண்ணப்படும். மக்களின் அன்புக்கு அவையில் ஓர் இருக்கை உண்டு. அவை முழுவதும் அதற்கே உரியதன்று. அன்பும் ஆய்வும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும் நல்லேற்பாடு இது.

விளையாட்டைப் பற்றிய வாக்குக்கு இத்தனை ஆராய்ச்சி வேண்டுமோ என்று சிலர் வினவலாம். வேண்டும். மக்கள் நினைப்பவையே பெரும்பாலும் மீண்டும் வெளியிடப்படுகின்றன; நினையாதவை அழிகின்றன. பழைய விளையாட்டுகள் காந்தத் தட்டுகளிலும் மின்சில்லுகளிலும் பதிந்திருப்பவை. தட்டுகள் காலப்போக்கில் பதிவை இழக்கும், சில்லுகள் கெடும், அவற்றை இயக்கும் கருவிகளும் பழுதுபட்டு மறையும். வீடியோ விளையாட்டு வரலாற்று அறநிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டிற்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 அன்று விற்பனையில் இல்லை. எஞ்சிய 13 பங்கை மட்டுமே எவரும் எளிதில் வாங்கி ஆட இயலும். வாக்குப் போட்டிகளில் மீண்டும் மீண்டும் வெல்லும் பெயர்கள் பெரும்பாலும் இச்சிறு பங்கைச் சேர்ந்தவையே.

வாக்குப் பெறாதது காக்கத் தகாததாகிவிடுமா? 1982ஆம் ஆண்டில், புகழ்பெற்ற திரைப்படம் ஒன்றைத் தழுவி, 'ஈ.டி.' என்னும் விளையாட்டை அட்டாரி நிறுவனம் வெளியிட்டது. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்பவர் ஐந்தே வாரங்களில் அதனை உருவாக்க வேண்டியதாயிற்று. விளையாட்டு மக்களுக்குப் பிடிக்கவில்லை. விற்காமல் தேங்கிய பேழைகள் பிற சரக்குகளோடு சேர்த்து, 1983ஆம் ஆண்டில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ நகரில் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டன. சிறந்த விளையாட்டுக்கான எந்த வாக்கெடுப்பிலும் அது வெல்வது அரிது. ஆயினும் 2014ஆம் ஆண்டில் அம்மேடு அகழப்பட்டது. மண் படிந்த பேழைகள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்றை ஸ்மித்சோனியனின் தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் பெற்றுப் போற்றி வைத்தது. பேராசையும் அவசரமும் ஒரு தொழிலை எவ்வாறு வீழ்த்தும் என்பதற்கு அப்பேழையைவிடச் சிறந்த சான்று வேறில்லை. வென்றவை மக்களின் மகிழ்ச்சியைச் சொல்லுகின்றன. தோற்றவை அவர்கள் கற்ற பாடத்தைச் சொல்லுகின்றன. வரலாற்றுக்கு இரண்டும் வேண்டும்.

வாக்கு என்பது அன்பை அளக்கும் கோல். அக்கோலைக் கொண்டு அன்பை அளப்பது தக்கது. தகுதி முழுவதையும் அதனால் அளந்துவிட்டதாக எண்ணுவது தகாது. கேள்வி யாது, வாக்களித்தோர் யாவர், முறை எத்தகையது என்னும் மூன்றையும் ஆராய்ந்த பின்னரே வெற்றியின் பொருளை உணர்தல் கூடும். அவ்வாறு ஆராயும் பழக்கத்தை விளையாட்டுப் போட்டியிலேயே கற்றுக்கொண்ட இளைஞர், நாட்டின் பெருங்காரியங்களில் வாக்களிக்கும் நாள் வரும்போதும் அதனை மறவார். தாம் விரும்பியது வென்றால் மகிழ்வர்; தோற்றால் அதனைக் குப்பைமேட்டுக்கு அனுப்பிவிடாமல், அடுத்த தலைமுறையினரும் ஆடிப் பார்க்கும்படி பேணி வைப்பர்.